கல்லுக்குள் அடைபட்ட காற்று

விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் சாலைக்காகவும் கட்டடத்துக்காகவும் ஜல்லி உடைக்கப்படும் கருநீலக் கல்லை அறியாதார் இல்லை. அதில் பெரும்பகுதிக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் வழங்கும் பெயர் சார்னோகைட் என்பது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வர்த்தகரின் கல்லறையில் பதித்த கல்லைப் பரிசோதித்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இப்பெயரைச் சூட்டினார். கல்லோ நமது பரங்கிமலைப் பக்கத்தது, பெயர்தான் அந்நியருடையது!

இக்கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. அக்காலத்தில் அதனூடே பாய்ந்த கரியமில வாயு, படிகங்களுக்குள் மயிரிழையிலும் சிறிய குமிழ்களாக இன்றும் சிறைப்பட்டிருக்கிறது. இந்த வாயு எங்கிருந்து வந்தது? பூமியின் கர்ப்பத்தில் ஆதிமுதல் இருந்ததா? அல்லது மேலே உயிர்களிலும் கடலடிச் சுண்ணாம்பிலும் இருந்த கரி, புதையுண்டு மீண்டதா?

விடை காண ஒரு தராசு உண்டு. கரியணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை 12. நூற்றுக்குச் சுமார் ஒன்று 13. இவற்றையே ஐசோடோப்புகள் என்பர். செடிகொடிகள் இலேசான கரியையே அதிகம் விரும்பி உண்பதால், அவற்றின் எச்சத்தில் கனத்த கரி ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்கு குறையும். கடற்சுண்ணாம்பில் அக்குறைவு ஏறக்குறைய இல்லை. பூமியின் ஆழத்துக் கரியிலோ சுமார் 5 பங்கு குறைவு. ஆகவே கல்லைப் பொடித்து வாயுவை வெளிப்படுத்தி நிறுத்தால், அதன் பூர்வோத்தரம் ஓரளவு புலப்படும்.

தென்னிந்தியச் சார்னோகைட்டுகளில் இவ்விதம் அளந்த முடிவுகள் 1988-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தன. ஆயினும் ஆழத்து வாயுவும் புதையுண்ட கரியும் கலந்துவிடக் கூடுமாதலால், வாதம் முற்றுப்பெறவில்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மழை பாறையைக் கரைக்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயு சிறிது சிறிதாகச் செலவாகிக் கடலடியில் சுண்ணாம்பாகப் படிகிறது. எரிமலைகள் அதைத் திருப்பித் தராவிடில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பூமி உறைந்து போயிருக்கும். இந்த வரவுசெலவு தவறாமல் நடந்ததாலேயே உயிர் நிலைத்தது. அக்கணக்கின் பழைய ஏடுகளில் ஒன்று நமது தென்னாட்டுக் கல்.

குவாரிகள் வீட்டுக்கும் வீதிக்கும் அவசியந்தான். ஆனால் ஜல்லியான பாறை மீண்டும் பாறையாகாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சில பாறைகளையாவது உடைக்காமல் காத்து, நம் மாணவர்கள் அவற்றைப் படிக்க வழிசெய்வது நாட்டுக்கு நாம் செய்யும் தொண்டாகும்.