பொறி செய்யும் மாணாக்கரும் அவர்தம் வழிகாட்டிகளும்

எமது ஊராகிய கீழவாஞ்சூர், காரைக்காற் பகுதியின் தென்கோடியில் நாகூரை அடுத்துள்ளது. 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைச் சிறு பருவத்தில் கரையில் நின்று கண்ட எமக்குப் பொறிகளின்மீது வேட்கை உண்டாயிற்று. தமிழ் பயில்வோர்க்குப் பொறியோடு யாது தொடர்பு என நண்பர் நகைப்பர், நகைக்கட்டும்.

பள்ளியிற் பயின்றபோது, தரையிலுள்ள கருங்கோட்டைத் தானே பற்றி ஓடும் சிறு ரோபோ வண்டியுடன் போட்டி ஒன்றுக்குச் சென்றோம். அதனைச் செய்தோம் என்று சொல்ல நாணுகிறோம். கம்பி இணைத்தவரும் கட்டளை எழுதியவரும் எம்மீது பேரன்பு கொண்ட ஆசிரியரே. மண்டபத்துச் சாளரத்தின் வழியே வெயில் விழுந்தது. வண்டியின் அடியிலிருந்த அகச்சிவப்பு உணரிகள் மயங்கவே, அது கோட்டை விட்டுச் சுவரை நோக்கி நடந்தது. கட்டளையில் ஓர் எண்ணை மாற்றினாற் போதும். எவ்வெண் என்பதை எம் ஐவரில் ஒருவரும் அறியோம். அறிந்தவர் கயிற்றுக்கு அப்பால் நின்றார். அவர் உள்ளே வர விதி இடந்தரவில்லை.

இவ்விதி எங்கும் உள்ளதே. அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு, 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கு ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. தொழிற்சாலைப் பொறியாளர் பலர் அங்கே வழிகாட்டிகளாய் அமர்ந்து, மாணாக்கரோடு சேர்ந்தே பொறியைச் சமைக்கின்றனர். ஆட்டக்களத்திலோ, பயிற்றுநர் அருகில் நின்று சொல்லலாம். இயக்கு கருவியைத் தொடலாகாது. சிறந்த வழிகாட்டிக்குரிய விருதுக்குப் பெயர் முன்மொழிவோரும் மாணாக்கரே. 2002இல் தொடங்கிய ஆசிய பசிபிக் 'ரோபோகான்' போட்டியிலும், களமிறங்கும் மூவரும் மாணாக்கர். உடன்வரும் ஆசிரியர் ஒருவரே.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் புத்தாக்க மையமாகும். 2008ஆம் ஆண்டு, 1981ஆம் ஆண்டு வகுப்பினராகிய பழைய மாணாக்கரின் பொருளுதவியால் எழுந்தது அது. (இதழைப் படிக்கும் நம் பழைய மாணாக்கர் இவ்வரியைச் சற்று நின்று வாசிப்பாராக.) மையத்தை நடத்துவோர் மாணாக்கரே. புதிதாய்ச் சேர்ந்தோர் மூத்தோரிடம் திருகாணி முடுக்கக் கற்று, அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளராய், அதன்பின் தலைவராய் உயர்வர். சட்டகம், மின்னணு, கட்டளை நிரல் என வேலை பிரியும். பொருள் திரட்டுவோர் தனிப்பிரிவு. அதனைச் சிறுபணி என்று எண்ணுவோர் மின்கலத்தின் விலையைக் கேட்டுப் பார்க்கட்டும். இம்மையத்து 'ஆவிஷ்கார்' அணி 2019இல் கலிபோர்னியாவில் நடந்த ஹைப்பர்லூப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு ஆசியாவினின்று சென்ற ஒரே அணியாகும்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. நான்காண்டில் தலைவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். அவர் அறிவும் உடன் போகும். ஆதலின், போகுமுன் இளையோர்க்குக் கற்பித்தல் அவர் கடன். நன்னூலார், ஆசிரியர் உரையாற் பெறுவது கால்பங்கே என்றும், உடன் பயில்வோரால் ஒரு கால் என்றும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய இருகால் நிறையும் என்றும் கணக்கிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அக்கணக்கு இவ்வணிகளுக்கு வியப்புறப் பொருந்துகிறது. அங்ஙனமாயின் ஆசிரியர் எதற்கு? அணியில் ஆண்டுதோறும் மாறாது நிற்பவர் அவர் ஒருவரே. முன்னோர் எங்கே இடறினர் என்பதை நினைவிற் கொள்வதும், மின்சாரத்தாலும் வெட்டுக் கருவியாலும் தீங்கு நேராது காப்பதும், பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் அவர் பணி.

சென்ற விடுமுறையில் எம் பழைய பள்ளிச் சிறுவர் எம்மை அழைத்தனர். மீண்டும் அதே வெயில். மீண்டும் வண்டி கோட்டை விட்டது. கைகளை முதுகின்பின் கட்டிக்கொண்டு நின்றோம், அது எளிதன்று. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் குனிந்து பார்த்து, உணரிகளைச் சுற்றிக் கருங்காகிதத்தாற் சிறு பாவாடை கட்டினாள். எமக்கு அது தோன்றியிராது. வண்டி ஓடிற்று.