கருவியும் பெயரும்

பினாங்கு இசைக்கருவிக் கடைகளில், புகழ்பெற்ற கலைஞரின் பெயர் பொறித்த கிதாரை இளைஞர் நாடுவது இயல்பு. தாம் போற்றும் கலைஞரோடு உறவு கொண்டதோர் உணர்வை அப்பெயர் தருகிறது. ஆனால் பெயரால் இசை பிறக்குமோ?

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம், பாடகர் நிக் லூக்கசின் பெயரில் கிதார் செய்தது. அவர் விருப்பப்படி சிறிய கிதாருக்கு ஆழமான ஒலிப்பெட்டி அமைந்தது, ஒலியும் கனத்தது. அங்கே பெயர் வெறும் அணியன்று.

தமிழர் இசையிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. பண்டு வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது; உயர்ந்த சுருதியுடையது. தாழ்ந்த சுருதியை விரும்பிய திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) நீண்ட நாயனத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் செவ்வையாக ஒலிக்கும் பாரி நாயனத்தை 1955இல் அவருக்குச் செய்தளித்தார். நாகசுரக் கலைஞர் பெரும்பாலோர் இன்று கையாள்வது பாரியே. அதன் பெயரில் பிள்ளையவர்கள் இல்லை, ஒலியில் இருக்கிறார்.

ஆகவே பெயர் பொறித்த கிதாரைக் காணும் மாணவன், 'இக்கலைஞரால் கருவியில் மாறியது யாது?' என வினவுதல் வேண்டும். விடை கிடைப்பின் பெயருக்குப் பொருளுண்டு. இல்லையேல் மிகுதிப் பணம் எழுத்துக்கே கொடுத்ததாகும்.