ஆரத்தித் தண்ணீரில் ரசாயனப் பாடம்!

டெல்லியில் இருந்து சென்னைக்கு ரெயிலில் போய் வரும் நம்மவர்களுக்கு இட்டார்சி ஜங்ஷன் நன்றாகத் தெரியும். அதற்குச் சற்று முன்னால், நர்மதைப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் ஹோஷங்காபாத். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம்.

அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் நடந்த ஒரு முயற்சி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டியது.

1972-ம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரண்டு தொண்டு நிறுவனங்கள் அரசு அனுமதியுடன் ஆரம்பித்தன. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும், டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர்களும் துணைக்கு வந்தார்கள். பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்து விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

வாத்தியாரே மாணவர்!

சொல்லிக் கொடுப்பது யார்? கிராமத்து ஆசிரியர்களில் பலர் பரிசோதனை செய்து பழகாதவர்கள்.

எனவே கோடை விடுமுறையில் அவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி முகாம் நடந்தது. சொற்பொழிவு கேட்டுக் குறிப்பு எடுக்கும் முகாம் அல்ல. ஆசிரியர்கள் மாணவர்களைப் போல நாலு நாலு பேராக உட்கார்ந்து, வகுப்பில் பிள்ளைகள் செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பள்ளி திறந்த பிறகும் மாதம் ஒருமுறை கூடி, வகுப்பில் பட்ட சிரமங்களைப் பேசினார்கள்.

தானே தடுமாறிக் கற்றவருக்குத்தான் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது தெரியும்!

அடுப்படியே போதும்

ரசாயனப் பரிசோதனைக்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டுமே என்று நினைக்கலாம். எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

கல்யாண வீட்டு ஆரத்தியைப் பாருங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது. சுண்ணாம்பு காரம். அதில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துகொண்டே வந்தால் மறுபடியும் மஞ்சளாகி விடும். எலுமிச்சைச் சாறு அமிலம். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பதற்கும் காரணம் இதுதான்.

இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அமிலமும் காரமும் மறக்காது. லிட்மஸ் தாளைக் கண்ணாலேயே காணாமல், "நீலம் சிவப்பாகும்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்து விடும். பிறகு "ரசாயனம் வரவில்லை" என்று நாம் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறோம்.

50 மணி நேரம்

ஹோஷங்காபாத் முயற்சி 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தி விட்டது.

ஆனால் ஆசிரியருக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும் என்ற கருத்து நிற்கவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டு தேசிய கல்விக் கொள்கை. அந்த 50 மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதிலேயே கழிந்தால், வகுப்பில் எதுவும் மாறாது.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "இந்த மாதம் பிள்ளைகள் தங்கள் கையால் என்ன பரிசோதனை செய்தார்கள், ஐயா?" என்று மரியாதையோடு கேளுங்கள்.

நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், மகிழ்வார்.