புல் கட்டுச் சுவர், பெரிய திண்ணை!

"என்னது, காய்ந்த புல்லை வைச்சு வீடா? ஒரு மழைக்குத் தாங்குமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? தாங்கும் என்று செய்து காட்டினார்கள் கல்லூரி மாணவ மாணவிகள்!

அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது அலபாமா மாநிலம். அங்கே ஹேல் கவுண்டி என்கிற ஏழ்மையான கிராமப்புறம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளைப் பேராசிரியர்கள் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993-ல் இங்கே கூட்டி வந்தார்கள். 'ரூரல் ஸ்டூடியோ' என்று இதற்குப் பெயர். காகிதத்தில் படம் போட்டால் மட்டும் போதாது. யாருக்கு வீடோ, அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசணும். பிறகு தங்கள் கையாலேயே கட்டியும் கொடுக்கணும். அதுதான் பாடம்.

முதல் வீடு ஒரு முதிய தம்பதிக்கு. பேரக் குழந்தைகளையும் அவர்களேதான் வளர்த்தார்கள். இருந்ததோ, மழை ஒழுகும் பழைய குடிசை. 'இனாமாகத்தானே தருகிறோம், கொடுத்ததை வாங்கிக்கட்டும்' என்று மாணவர்கள் நினைக்கவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் வந்து உட்கார்ந்து பேச, முன்பக்கம் ஒரு திண்ணை வேண்டுமாம்! பெரிய திண்ணையே கிடைத்தது. பேரக் குழந்தைகளுக்கும் பின்பக்கம் தனித்தனியாகச் சின்ன அறைகள்.

சுவருக்குப் புல் கட்டுகள். ஈரம் பட்டால் புல் மக்கிவிடும் அல்லவா? அதனால் கட்டுகளை நீர் புகாதபடி சுற்றி, செங்கல் போல அடுக்கி, கம்பியால் இறுக்கி, மேலே காரை பூசினார்கள். சுவர் கனமாக இருப்பதால் வெளியே உள்ள வெயிலும் குளிரும் சட்டென்று உள்ளே வராது. விறகுச் செலவும் மிச்சம். 1994-ல் குடும்பம் குடியேறியது.

மாக்பீ 2001-ல் காலமானார், பணி நிற்கவில்லை. இனாமாக எத்தனை பேருக்குத்தான் கட்ட முடியும்? அதனால் 2005-ல் வேறொரு கணக்குப் போட்டார்கள். சொற்ப உதவித்தொகையில் வாழ்கிறவரும் கடன் வாங்கி அடைக்கக்கூடிய தொகை எவ்வளவு? 20,000 டாலர். அதற்குள், சாமானும் கூலியும் சேர்த்து, ஒரு நல்ல வீடு! ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் முன்பு கட்டியதைப் பார்த்து, குறையைத் திருத்தி, அடுத்ததைக் கட்டினார்கள்.

சகோதரிகளே, நம் வீட்டில் ஓர் அலமாரி வைப்பதானாலும் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் பேசி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் எட்டாத பரணுக்கு முக்காலி போட்டு ஏறுவது நாம்தான்! "எனக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்று கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.