ஒரு ஃப்யூஸைக் கழற்றினால்

விருத்தாசலம் பீங்கான் என்றதும் பொம்மைகளைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வெள்ளை ஃப்யூஸ் கேரியர்தான். பழைய வீடுகளின் மெயின் போர்டில் இன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. மோட்டாருக்கானதை மட்டும் கழற்றி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது, அவ்வளவுதான். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும்.

வாசக்டமி எனப்படும், ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. “பண்ணிக்கிட்டா மூட்டை தூக்க முடியாது”, “உடம்பு தளர்ந்துடும்”, அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அதுவும் போயிடும்ல?”

போகாது. ஏன் போகாது என்பதில்தான் உடம்பின் சாமர்த்தியம் இருக்கிறது. விரை இரண்டு வேலைகள் செய்கிறது. இரண்டின் சரக்கும் வெவ்வேறு வழியில் வெளியேறுகிறது. உள்ளே மயிரிழை போன்ற நுண்குழல்களில் விந்தணுக்கள் உருவாகின்றன. அந்தக் குழல்களுக்கு இடைப்பட்ட செல்களில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. மீசை, குரல், தசை, ஆசை எல்லாம் இந்த ஹார்மோனின் கணக்கு. அது குழாய் வழியாகப் போவதே இல்லை. நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விந்தணுக்களோ, விரித்துப் பிடித்தால் ஆறு மீட்டர் நீளம் வரும் ஒரு சுருள்குழலில் நெளிந்து முதிர்ந்து, விந்துக் குழாய் என்ற தனிப் பாதையில் மேலே ஏற வேண்டும். மருத்துவர் தொடுவது இந்தப் பாதையை மட்டும்.

விந்து வற்றிவிடும் என்ற பயமும் வீண்தான். வெளியேறும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தருவது. விரையிலிருந்து வருவது நூற்றில் சில பங்கு. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அணுக்கள் உள்ளே உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும். வழி இல்லாததால் உடம்பே அவற்றைச் சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

1974-இல் சீனாவின் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கத்தியையும் தையலையும் இதிலிருந்து நீக்கிவிட்டார். தோலை மரத்துப்போகச் செய்து, கூர்முனை இடுக்கியால் ஒரு சின்னத் துளை. அதன் வழியே குழாயை வெளியே இழுத்துத் துண்டித்துக் கட்டி உள்ளே விட்டுவிடலாம். கால் மணி நேர வேலை. வயிற்றைத் திறக்கும் பேச்சே இல்லை.

பெண்ணுக்குச் செய்யும் டியூபெக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். அதிலும் ஓர் அழகான கணக்கு உண்டு. சாதாரண நாளில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். குழந்தை பிறந்த ஓரிரு நாட்களுக்கு மட்டும் அதன் உச்சி தொப்புள் அளவுக்கு மேலே நிற்கும். அப்போது தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறினாலே இரு கருக்குழாய்களும் கைக்கு எட்டும். குழாயை வளைத்து, கரையும் நூலால் கட்டி, வளைவை வெட்டிவிடுவார்கள். நூல் கரைய வேண்டும் என்பதுதான் இந்த முறையின் சூட்சுமம். அது கரைந்ததும், ஆறிய இரு முனைகளும் விலகிப் போய்விடும். நியூயார்க் மருத்துவர் ரால்ஃப் பொமராய் வகுத்த வழி இது; அவர் இறந்த பிறகு 1930-இல் வெளியானது. சினைப்பைகள் பழையபடி ஹார்மோனை ரத்தத்தில் விடும், மாதவிலக்கு வரும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குச் செய்வது எளிது என்பதில் சந்தேகமே எழாது. ஆனால் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பம் ஆயிரத்துக்கு ஒன்று.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாகாணத் தலைமைச் செயலாளராகி, ஆண்களுக்கான ஆபரேஷனை முன்னெடுத்தார். 1950-களின் பிற்பகுதியிலேயே, வாசக்டமி செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்த மாநிலம் இது. பக்கத்துக் கேரளத்தில், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் ஏறக்குறைய 63 ஆயிரம் ஆண்கள் வந்தார்கள். அப்புறம் நெருக்கடி நிலை. 1976–77-இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்கள், முக்கால்வாசி ஆண்களுக்கு, வடக்கே பல ஊர்களில் பிடித்து இழுத்துப் போய்ச் செய்தவை. அந்த ஆட்சி தேர்தலில் விழுந்தது. அடுத்த ஆண்டு மொத்த ஆபரேஷன்கள் பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஓட்டுக்குப் பயந்த அரசியல்வாதிகள் அதன்பின் ஆண்களின் பக்கம் திரும்பவே இல்லை என்பேன். இலக்கு முழுக்கப் பெண்கள் மேல் இறங்கியது.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து நடத்தியவர்களில் ஒருவர் தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. ஆண்டனி. இனிஷியலை ‘டியூபெக்டமி வாசக்டமி’ என்று விரித்துக் கிண்டல் செய்வார்கள். கூடவே பெண் படிப்பு, சத்துணவு, தடுப்பூசி, வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்தன. பிறந்தது தங்கும் என்ற தைரியம் வந்த பிறகே இரண்டோடு நிறுத்த மனசு வந்தது. பிரசவம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. 45 சதவீதம் சிசேரியன். வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது. “ரெண்டாவதும் ஆச்சே, சேர்த்தே பண்ணிடலாமா?” என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் எந்தப் பெண் இல்லை என்பாள்?

ஆஸ்பத்திரியில் நடப்பதால் இங்கே ஆபத்து குறைவு. முகாம் என்ற பெயரில் அவசரம் புகுந்த இடங்களில் நடந்தது வேறு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். 13 பேர் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைகள். தலைமுறை தன்னை நிரப்பிக்கொள்ளத் தேவைப்படுவது ஏறக்குறைய 2.1. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பிரிப்பது 1971 மக்கள்தொகையோடு உறைந்து நிற்கிறது. அந்த உறைவு உருகினால் தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற கவலையில், சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே 2025-இல் ஒரு திருமண மேடையில் சொன்னார். நிறுத்து என்றாலும் பெறு என்றாலும் பேச்சு போய் நிற்பது அவள் வயிற்றில்தான்.

ஆண்களுக்கென்று ஒரு விழாவும் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை, வாசக்டமி இருவார விழா. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்வார்கள், ஊக்கத்தொகையும் உண்டு, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரே நிபந்தனை, அவசரப்படக் கூடாது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே ஏறிவிட்ட அணுக்கள் தீரும்வரை மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும். பிறகு விந்தைப் பரிசோதித்து, அணு ஒன்றுகூட இல்லை என்று உறுதியானால்தான் சான்றிதழ்.