குழந்தையைக் காப்போர்க்குக் கைம்மாறு

தாய் வயலுக்குச் செல்கிறாள். தந்தை பட்டறைக்குச் செல்கிறார். மூன்று வயதுக் குழந்தை எங்கே இருக்கும்? முன்னாளில் பாட்டியின் மடி இருந்தது, தெருத்திண்ணை இருந்தது, அண்டை வீட்டாரின் கண் இருந்தது. இன்று பல வீடுகளுக்கு அம்மூன்றும் இல்லை. அக்குறையை நிரப்புவது, வாய்ப்பழக்கத்தில் பால்வாடி என்றும் ஆவணங்களில் அங்கன்வாடி என்றும் வழங்கும் குழந்தைகள் மையமே ஆகும். அங்குப் பணிபுரிவோர்க்குப் பெற்றோர் தம் நன்றியை எவ்வாறு தெரிவிப்பது? அதுவும், கையில் மிச்சம் இல்லாத பெற்றோர் எவ்வாறு தெரிவிப்பது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இன்ன உதவி பெற்றோம் என்று அறியாதவன் நன்றி கூற இயலாது. ஆகவே, முதலில் இவர்களுடைய பணி யாது என்று காண்போம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நாடு முழுவதிலும் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர்க்கு இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல், உணவும் உடல்நலமும் பற்றிய அறிவுரை, பள்ளிக்கு முந்திய கல்வி என ஆறு பணிகள் அதில் வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, இரண்டு முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இம்மையங்களிலேயே உணவு அளிக்கப்பட்டது. ஆறு பணிகள் என்று கூறுவது எளிது. அவற்றில் பெரும்பாலானவை வந்து சேர்வது, நாம் டீச்சர் என்றும் ஆயா என்றும் அழைக்கும் இரண்டு பெண்களின் தலையிலேயே. எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும், கதை சொல்வதும் ஒருவர் வேலை. சமைப்பதும், கூட்டுவதும், வர மறுக்கும் பிள்ளையை வீடு தேடிச் சென்று தூக்கி வருவதும் மற்றவர் வேலை.

இவர்களுடைய உழைப்பின் பயனை நேரில் கண்டவர்களுள் நானும் ஒருவன். முதல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், பால்வாடியிலிருந்து வந்த குழந்தை எது என்று கேளாமலே கண்டுகொள்ளலாம். தாயின் முந்தானையை விட்டுவிட்டு உள்ளே வரும். பெயரைக் கேட்டால் சொல்லும். உண்பதற்கு முன் கைகழுவத் தண்ணீர் தேடும். முதல் வகுப்பு ஆசிரியரின் பாதி வேலையை ஆயா முன்னரே முடித்து வைத்திருப்பார்.

இனிக் கைம்மாற்றைப் பற்றிச் சிந்திப்போம். திருக்குறளில் பத்தாம் அதிகாரம் இனியவைகூறல். பதினொன்றாம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. இவ்வரிசையே நமக்கு ஒரு பாடமாக எனக்குத் தோன்றுகிறது. இன்சொல் முன்னே நிற்கிறது; நன்றி நடுவே நிற்கிறது; ஒருபாற் கோடாமை அதைத் தொடர்ந்து காவல் நிற்கிறது.

இன்சொல்லுக்குக் காசு வேண்டுவதில்லை. ஆனால் "ரொம்ப நன்றி டீச்சர்" என்று வாசலில் சொல்லிப் போவதைவிட, இன்னதற்கு நன்றி என்று குறித்துச் சொல்வது சிறந்தது. "என் மகள் கீரையைத் தொடமாட்டாள், நீங்கள் பழக்கினீர்கள், இப்போது வீட்டிலும் உண்கிறாள்" என்னும் சொல் அவர்கள் உள்ளத்தில் நெடுநாள் நிற்கும். அதனையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நன்று. எழுதத் தெரியாத தாய், பள்ளி செல்லும் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். அக்கடிதத்தின் படி ஒன்றை மேற்பார்வையாளருக்கும் அனுப்புதல் வேண்டும். குறை கூறும் விண்ணப்பங்கள் தாமே மேலே சென்றுவிடும். நிறை கூறும் கடிதத்தை நாம்தான் அனுப்பவேண்டும்.

செலவில்லாத நன்றிகள் வேறும் உண்டு. மாலையில் உரிய நேரத்தில் வந்து குழந்தையை அழைத்துச் செல்வது அவற்றுள் தலையாயது. ஆயாவுக்கும் வீடு உண்டு. அவர் வரவை நோக்கி நிற்கும் பிள்ளைகளும் உண்டு. காய்ச்சல் கண்ட குழந்தையை மறைத்து அனுப்பாதிருப்பதும் நன்றியே. தச்சர் ஒருவர் ஆடும் முக்காலியைச் செப்பனிடலாம். தையல் அறிந்த தாய், வெட்டுத் துணிகளைக் கொண்டு பந்தும் பொம்மையும் தைத்துத் தரலாம். இடமிருந்தால் வேலியோரம் ஒரு முருங்கைப் போத்தை நட்டு நீர் ஊற்றலாம். அடுத்து வரும் குழந்தைகளின் குழம்புக்கும் அது கீரை தரும். தின்பண்டம் கொடுக்க விரும்புவோர் டீச்சரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். நிலக்கடலை சில குழந்தைகளுக்கு ஒவ்வாது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பொருளாகக் கொடுக்கும்போதுதான் நடுவுநிலைமையின் காவல் வேண்டும். ஓர் ஊரில் நான் கண்டதைக் கூறுகிறேன். ஆண்டு விழாவில், வசதியுள்ள சிலர் அளித்த பரிசுகளை ஒலிபெருக்கியில் பெயரும் விலையும் சொல்லி அறிவித்தனர். அன்று சித்தாள் வேலை செய்யும் தாய் ஒருத்தி தன் மகனை மையத்துக்கே அனுப்பவில்லை. "கொடுக்க ஒன்றும் இல்லை ஐயா, எப்படி அனுப்புவது?" என்றாள். அந்தப் பையன் பாடுவதற்குப் பாட்டு ஒன்று பழகி வைத்திருந்தான். நன்றி என்ற பெயரால் ஒரு குழந்தையின் இடம் பறிபோகுமானால், அது நன்றி ஆகாது.

இதற்கு வழி எளிது. இருபத்தைந்து குடும்பங்கள் ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் 500 ரூபாய் சேரும். மூடிய உண்டியலில் போடட்டும், இயலாதவர் போடாதிருக்கட்டும், பெயர்ப் பட்டியல் வேண்டா. அத்தொகையில் டீச்சருக்கும் ஆயாவுக்கும் ஒரே தரத்தில் ஆளுக்கொரு குடை வாங்கலாம். ஒருவருக்குச் சேலை, மற்றவருக்குத் துண்டு என்று தரம் பிரித்தல் கூடாது. குழந்தையின் மூக்கைத் துடைத்த கை எது என்று குழந்தைக்குத் தெரியும்.

பணமாகக் கொடுத்தல் கூடாது. காலமும் கருதத்தக்கது. சேர்க்கும் நாளில் கொடுப்பது, நாம் எண்ணாவிடினும், சலுகை கேட்பது போலாகும். குழந்தை முதல் வகுப்புக்குச் செல்லும் நாளில் கொடுப்பதே தூய்மையானது. அன்று நமக்கு அவர்களிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று கூறவேண்டும். நம் குடையும் கடிதமும் ஊதியத்துக்கு ஈடாகமாட்டா. குஜராத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் சட்டப்படி பணிக்கொடை பெற உரியவர் என்று உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பணிக்கொடை என்பது பெற்றோர் மனமுவந்து தரும் பரிசு அன்று; உழைத்தவர் கேட்டுப் பெறும் உரிமை. அவர்கள் தம் உரிமைக்காகப் பேசும் நாளில், "இன்று மையம் பூட்டிக் கிடக்கிறதே" என்று முணுமுணுக்காமல், கிராம சபையில் எழுந்து அவர்கள் பக்கம் ஒரு சொல் சொல்வது பெற்றோர் கடமை.

நாளைக் காலையில் குழந்தையை அழைத்துச் செல்லும்போது, டீச்சருக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். அடுப்படியில் இருக்கும் ஆயாவுக்கும் சொல்லச் சொல்லுங்கள். அதற்குள் அடுப்பு மூட்டியிருப்பார். சற்று உரக்கவே சொல்லட்டும்.