பழைய வேக்ஸ் போனால்தான் புது சீலன்ட் ஒட்டும்!

ஆயுத பூஜை நெருங்கினால் வாசலில் நிற்கும் காருக்கும் யோகம்தான். வாட்டர் சர்வீஸ், துடைப்பு, மாலை, எலுமிச்சம்பழம் என்று எல்லாமே உண்டு. பூஜை முடிந்தால் அடுத்து வடகிழக்குப் பருவமழை. ‘இந்த முறை வேக்ஸ் வேண்டாம், நீண்ட நாள் நிற்கும் சீலன்ட் போட்டுவிடலாம்’ என்று வாங்கி வந்து, ஷாம்பூ போட்டுக் கழுவிய கையோடு பூசிவிடுகிறார்கள் பலர்.

முதல் வாரம் கண்ணாடிபோல மின்னும். நான்கு மழை பெய்ததும் பானட்டில் ஓரிடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பக்கத்திலேயே திட்டுத்திட்டாகப் படர்ந்து கிடக்கும். ‘டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று கடைக்காரர் மீது பழி விழும். பல நேரங்களில் குற்றவாளி சீலன்ட் இல்லை; அதன் அடியில் ஒளிந்திருக்கும் பழைய வேக்ஸ்!

எண்ணெய் நெற்றியில் பொட்டு

எண்ணெய் வழியும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? அதே கதைதான் இங்கேயும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலைகளில் படியும் மெழுகுதான் கார்னோபா. கடைகளில் கிடைக்கும் கார் வேக்ஸ் பலவற்றில் இதனுடன் வேறு மெழுகுகளும் எண்ணெய்களும் சேர்ந்திருக்கும். இவை பெயின்ட்டின் மேல் வழவழப்பான படலமாகப் படிகின்றன.

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற அடுக்கை அது நேரடியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் மெழுகு இருந்தால், சீலன்ட் பற்றுவது மெழுகைத்தான். வெயிலில் மெழுகு கரையக் கரைய, சீலன்ட்டும் கூடவே கிளம்பிவிடும். சீலன்ட்டின் மேல் வேக்ஸ் பூசலாம். வேக்ஸின் மேல் சீலன்ட் பூசக் கூடாது. இவ்வளவுதான் சூத்திரம்.

மூன்று படிகள்

முதலில் கழுவுதல். பழைய வேக்ஸை நீக்குவதற்கென்றே விற்கும் ஷாம்பூவை வாங்குங்கள். ‘வாஷ் அண்ட் வேக்ஸ்’ ரகம் வேண்டாம். அது மறுபடியும் மெழுகைப் பூசிவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது மெழுகை ஓரளவுதான் எடுக்கும். அடிக்கடி பயன்படுத்தினால் கதவு ஓரத்து ரப்பர் வறண்டுபோகும். காரை நிழலில் நிறுத்தி, பானட் சூடு ஆறிய பிறகே கழுவுங்கள். போர் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

அடுத்து கிளே பார். பார்ப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண்போல இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பிரேக் தூசியும் தார்த் துளிகளும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அதற்குரிய வழவழப்பு திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேயுங்கள். கிளே தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கார் முழுக்கக் கோடு போட!

கடைசியாக ஆல்கஹால் துடைப்பு. மெடிக்கல் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 100 மில்லியுடன், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 350 மில்லி சேருங்கள். மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றுங்கள். வெளியில் தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தீப்பற்றும் பொருள் என்பதால் பூஜை விளக்கு, ஊதுபத்தி பக்கம் கொண்டுபோகாதீர்கள். சானிட்டைசர் இதற்கு மாற்று அல்ல. அதில் கலந்துள்ள பொருள்கள் பிசுக்காகப் படியும்.

இப்போது கொஞ்சம் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உருண்டு முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. தாள்போலப் பரவி வழிந்தால் பெயின்ட் தயார். துடைத்துக் காயவிட்டு சீலன்ட்டை எடுங்கள். ஏற்கெனவே செராமிக் கோட்டிங் போட்ட கார் என்றால் இந்த மூன்று படிகளில் அது போகாது.

இவை வேண்டவே வேண்டாம்

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தொடாதீர்கள். தின்னர் மெழுகோடு பெயின்ட்டையும் சேர்த்துக் கரைக்கும். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அது போனால் மறு பெயின்ட் ஒன்றே வழி. பாலிஷ் போட்டாலும் மெழுகு போகும்தான். ஆனால், ஒவ்வொரு பாலிஷும் அந்த அடுக்கைக் கொஞ்சம் தேய்த்துவிடும். கீறல் இல்லாத காருக்கு அது தேவையில்லை. விபத்துக்குப் பின் சமீபத்தில் பெயின்ட் அடித்த கதவோ மட்கார்டோ இருந்தால், பெயின்டரிடம் எத்தனை நாள் ஆற வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சீலன்ட்டை மெல்லிசாகப் பூசினால் போதும். பல சீலன்ட்கள் முழுதாக இறுக 12 முதல் 24 மணி நேரம் நனையாமல் இருக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள். எனவே, இந்த வேலையைப் பூஜைக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். சந்தனப் பொட்டைக் கண்ணாடியில் வைத்துவிட்டால், மறுநாள் பெயின்ட்டைச் சுரண்டும் வேலையும் இருக்காது!